மூட்டுவலி உள்ள அப்பாவை அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாமா?

வணக்கம். அப்பாவுக்கு மூட்டுவலி, கையில் ஒரே நாள், பள்ளத்தில் இறங்க முடியாவிட்டால் போய் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் கூட்டிப் போங்கள், இறங்கவே வேண்டாம்.

தெற்கு விளிம்பில் யாவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து கிராண்ட் கேன்யன் கிராமம் பக்கமாக, விளிம்பை ஒட்டியே தார் போட்ட பாதை போகிறது. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அதில் நடக்கும் ஒவ்வொரு மீட்டரும் பூமியின் வரலாற்றில் பத்து லட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். பள்ளத்தின் பாறைகளையே வழியோரம் வரிசையாக வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். 170 கோடி ஆண்டுக்கும் மூத்த கரும்பாறை ஒன்றுக்கு விஷ்ணு என்றே பெயர். என் அப்பா அதில் கை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

கிராமத்திலிருந்து விளிம்பை ஒட்டி மேற்கே போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் கார் விட மாட்டார்கள், இலவசப் பேருந்துதான். அப்பாவுக்கு ஏறி இறங்கச் சிரமம் என்றால் நுழைவாயிலிலேயே சொல்லுங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கார் அனுமதிச் சீட்டு தருவார்கள்.

அப்புறம், உயரம் 2,100 மீட்டர். மூச்சு வாங்கும், அவசரப்படுத்தாதீர்கள். மாலையில் தெற்கு விளிம்பின் கிழக்குப் பக்கமுள்ள டெசர்ட் வியூ என்ற காட்சிமுனைக்குப் போனால், கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்த 1932ஆம் ஆண்டுக் கற்கோபுரத்தின் அடியிலிருந்தே கொலராடோ ஆறு தெரியும்.