வாசகர் கேள்வி – பதில்: அயர்ன் செட்டுக்கு ஏற்ற வெட்ஜ் எது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. வீட்டுக்கு அருகிலுள்ள ஒன்பது குழி மைதானத்தில் வாரம் இரண்டு நாள் கோல்ஃப் ஆடுகிறேன். ஐந்தாம் எண் முதல் பிட்ச்சிங் வெட்ஜ் (குறுந்தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் மட்டை) வரையிலான புதிய அயர்ன் (இரும்பு மட்டை) செட் ஒன்றை மகன் சென்ற ஆண்டு வாங்கித் தந்தான். பிட்ச்சிங் வெட்ஜில் பந்து 105 மீட்டர் போகிறது. இருபது ஆண்டாக வைத்திருக்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜிலோ 70 மீட்டர்தான். கிரீனுக்கு (குழி இருக்கும் மழித்த புல்தரைக்கு) 90 மீட்டர் இருந்தால் எதை எடுப்பதென்று தெரியாமல் திணறுகிறேன். கடைக்காரர் 52, 56, 60 என மூன்று வெட்ஜையும் வாங்கிவிடச் சொல்கிறார். வாங்கலாமா? — வாசகர், பீடோங்

பதில்: மூன்றும் வேண்டாம் ஐயா. ஒன்று போதும், அதுவும் கடைக்காரர் சொன்ன மூன்றில் இல்லை.

முதலில் உங்கள் பிட்ச்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு, எத்தனை டிகிரி என்று கேட்டறியுங்கள். மட்டையின் அடியில் ‘பி’ என்ற எழுத்து மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்தை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் இளமைக் காலத்துச் செட்டுகளில் பிட்ச்சிங் வெட்ஜ் பெரும்பாலும் 48 டிகிரியை ஒட்டி இருந்தது. அதன் பின் 52, 56, 60 என்று நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டே போனால் கணக்குச் சரியாக வரும். கடைக்காரர் சொன்ன வரிசை அந்தக் காலத்துக் கணக்கு. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்று வரும் செட்டுகளில் எடையை மட்டைத் தலையின் அடிப்பகுதிக்கு இறக்கிவிடுகிறார்கள். அதனால் பந்து தானாகவே உயர எழும்புகிறது. எழும்பும் உயரத்தை ஈடுகட்டவும், ‘இந்த ஏழாம் எண் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்’ என்று சொல்லி விற்கவும் லாஃப்டைக் குறைத்துவிடுகிறார்கள். இப்படித்தான் 43, 44 டிகிரியில் பிட்ச்சிங் வெட்ஜ் வந்து சேர்ந்தது. எழுத்து மாறவில்லை; மட்டை ஏறக்குறைய பழைய ஒன்பதாம் எண்ணாக மாறிவிட்டது.

உங்களுடையது 44 என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக 52 வாங்கினால் இடையில் எட்டு டிகிரி இடைவெளி விழுகிறது. நீங்கள் திணறுவதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். மாறாக, 44-க்கும் 56-க்கும் நடுவே 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைச் சேர்த்தால் இருபுறமும் ஆறாறு டிகிரி. முழு வீச்சில் அது 87, 88 மீட்டர் போக வேண்டும். வேகமாக வீசும் இளைஞர்களுக்கு ஆறு டிகிரி சற்று அகலமான இடைவெளி. அவர்கள் நான்கு, ஐந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நிதானமாக வீசும் நமக்கு ஆறு போதுமானது. செட்டில் ஆறு மட்டை, 50, 56, பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) என்று ஒன்பதுதான் ஆகிறது. விதி அனுமதிக்கும் 14-இல் மற்ற ஐந்து இடங்களுக்கு வுட், ஹைப்ரிட் போன்ற நெடுந்தூர மட்டைகளை வைத்துக்கொள்ளலாம்.

அந்த 50-ஐ எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். அதைப் பெரும்பாலும் முழு வீச்சில்தான் அடிப்பீர்கள். ஆகவே உங்கள் செட்டின் அதே வடிவத்தில், அதே ஷாஃப்ட்டில் (தண்டில்) கிடைக்கும் வெட்ஜே நல்லது. மையம் தவறிப் பட்டாலும் தூரம் அவ்வளவாகக் குறையாது. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அதன்மேல் ‘ஏ’, ‘ஜி’, ‘யு’ என்று வெவ்வேறு எழுத்துகளைப் போடுகிறார்கள். எழுத்தை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். உங்கள் செட்டோடு வரும் அந்த வெட்ஜ் 49 டிகிரி என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மணலிலும் கிரீன் ஓரத்திலும் பயன்படும் சாண்ட் வெட்ஜைத் தனியாக வாங்குவதில் தவறில்லை.

வாங்கும் முன் ஒரு மாலை, மைதானத்தில் ஆளில்லாத நேரத்தில், நீங்கள் வழக்கமாக ஆடும் பந்திலேயே பிட்ச்சிங் வெட்ஜில் பத்தும் சாண்ட் வெட்ஜில் பத்தும் அடித்து, பந்து விழுந்த இடம் வரை நடந்து அளந்து பாருங்கள். உருண்டு நின்ற இடம் கணக்கில் வராது. பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகள் குறைவாகவே பறக்கும். அவற்றை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். சிறுவயதில் துரைமாருக்குப் பை சுமந்தபோது, பால்மர வரிசைகளுக்கு நடுவே அவர்கள் அடித்த பந்துகளை காலடி எண்ணி அளந்துதான் நான் இந்த ஆட்டத்தைக் கற்றேன். கருவிகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

கேள்வி: சாண்ட் வெட்ஜில் 56 என்பதை அடுத்து 8, 10, 14 என்று இன்னோர் எண் இருக்கிறதே, அது எதற்கு? நம் ஊர் மண்ணுக்கு எது பொருந்தும்? — வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: அது பவுன்ஸ். மட்டையின் முன்விளிம்பை விட அடிப்பாகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் கோணம். 1932-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை இங்கிலாந்தின் பிரின்ஸஸ் மைதானத்தில் வென்ற அமெரிக்கர் ஜீன் சரசன், நிப்ளிக் எனப்பட்ட பழைய மட்டையின் அடியில் ஈயக் கலவையை உருக்கி ஒட்டி, பின்விளிம்பைத் தாழ்த்தினார். அதற்கு முன்பு மணலில் கத்திபோல் இறங்கிச் சிக்கிய மட்டை, அதன் பிறகு படகின் அடிப்புறம்போல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இன்றைய சாண்ட் வெட்ஜின் பிறப்பு அதுதான்.

மிருதுவான தரைக்கும் ஆழமான மணலுக்கும் பவுன்ஸ் மிகுதியாக இருக்க வேண்டும். இறுகிய தரைக்கும் மெல்லிய மணலுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நம் நிலைமை இங்கேதான் சிக்கலாகிறது. கெடாவில் மழை மாதங்களில் ஃபேர்வே எனும் ஆடுபாதையின் கவ்கிராஸ் புல், அகன்ற இலையுடன் மெத்தைபோல் ஊறிக் கிடக்கும். குறைந்த பவுன்ஸ் உள்ள மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் புதைந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியிலோ அதே செம்மண் ஓடுபோல் இறுகிவிடும். 14 டிகிரி பவுன்ஸ் தரையில் பட்டுத் துள்ளி, முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் மோதி, பந்து கிரீனைத் தாண்டிச் செம்பனைக்குள் போய்விடும். சிறிய தோட்ட மைதானங்களில் பங்கர் எனும் மணற்குழிகளும் மழையில் கெட்டித்து, மேலே ஒரு விரற்கடை மணலோடுதான் இருக்கும்.

ஆகவே 56-க்கு 10 என்ற நடுவளவே என் தேர்வு. மட்டையைச் செங்குத்தாக இறக்கி மண்ணைப் பெயர்ப்பவராக இருந்தால் 12 வரை போகலாம். புல்லை மட்டும் தடவிச் செல்பவருக்கு 8 போதும். எது உங்கள் பழக்கம் என்பதை, அடித்த இடத்தில் பெயர்ந்திருக்கும் மண்ணே காட்டிவிடும். லாஃப்டை வளைத்துச் சரிசெய்தால் பவுன்ஸும் கூடவே மாறும் என்பதை மறக்க வேண்டாம்: 56-ஐ 54 ஆக்கினால் பவுன்ஸில் ஏறத்தாழ இரண்டு டிகிரி போய்விடும்.

கேள்வி: என் அயர்ன்களில் கிராஃபைட் ஷாஃப்ட். கடையில் உள்ள வெட்ஜ்கள் எல்லாம் ஸ்டீல். கலந்து வைத்துக்கொள்ளலாமா? — வாசகர், கூலிம்

பதில்: வைத்துக்கொள்ளலாம், எடையைப் பார்த்துக் கலக்க வேண்டும். இலகுவான கிராஃபைட் ஷாஃப்ட் 60, 65 கிராம்தான் இருக்கும். வெட்ஜ்களில் வழக்கமாகப் பொருத்தப்படும் கனமான ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் 130 கிராம். ஒரே பையில் பாதிக்குப் பாதி வேறுபட்டால், ஒன்பதாம் எண்ணை அடித்த கையோடு வெட்ஜை எடுக்கும்போது வீச்சின் தாளம் குலைந்துவிடும். அயர்னை விட வெட்ஜ் சற்றுக் கனமாக இருப்பது நல்லதே. உங்களுக்கு 80 முதல் 95 கிராமுக்குள் உள்ள இலகுவான ஸ்டீல் பொருந்தும். முழு வீச்சுக்கு எடுக்கும் வெட்ஜை மட்டும் கிராஃபைட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வெட்ஜ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? — வாசகர், பாடாங் செராய்

பதில்: முகத்திலுள்ள பள்ளக் கோடுகளின் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் ஒவ்வொரு கோட்டிலும் தட்டினால் வாங்கலாம்; வழுக்கிக்கொண்டு போனால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஈரப் புல்லிலிருந்து அடித்த பந்து கிரீனில் நிற்காது. பெரிய போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால், 2010-க்கு முன் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். அவ்வாண்டு முதல் பள்ளங்களின் அளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் புதிய விதி வந்தது. பூச்சில்லாத வெட்ஜ் நம் ஈரக் காற்றில் சில வாரங்களிலேயே துருவேறும். அது கெடுதல் இல்லை. பள்ளங்களுக்குள் காய்ந்த செம்மண்ணே கெடுதல். ஆட்டம் முடிந்ததும் பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகள் 60 டிகிரி லாப் வெட்ஜ் கேட்கிறாள். வாங்கித் தரலாமா? — வாசகர், பீடோங்

பதில்: இப்போது வேண்டாம். அவ்வளவு சாய்ந்த முகத்தில் பந்து மேலே போவதற்கே வேகமான வீச்சு வேண்டும். சற்றுத் தவறினாலும் மட்டை பந்தின் அடியில் நுழைந்து, பந்து காலடியிலேயே விழும். அவள் உயரத்துக்கு அளவான 54 ஒன்று கொடுங்கள். அதன் முகத்தைச் சற்றுத் திறந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால், அவள் கேட்கும் உயரத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.