சுற்றுப்பயணம் போகும் இளம்பெண்கள் ரக்பி அணி, முன்வரிசைக்கு மட்டும் ஏன் ஆறு பேருக்கு மேல் கூட்டிப் போகிறது?

முன்வரிசை என்பது, எட்டுப் பேர் எட்டுப் பேரோடு முட்டி நிற்கும் ஸ்க்ரமில் முதலில் நிற்கும் மூவர்: லூஸ்ஹெட் ப்ராப், ஹூக்கர், டைட்ஹெட் ப்ராப். பின்னால் இருக்கும் ஐவரின் தள்ளலும் எதிரணியின் தள்ளலும் இவர்கள் கழுத்திலும் தோளிலும்தான் சேரும். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான்.

ஆகவே பயிற்சி பெறாதவரை அங்கே நிறுத்த விதி இடம் தராது. 23 பேர் கொண்ட அணியில் ஆறு பேராவது முன்வரிசைக்குத் தயாராக இருக்க வேண்டும். அவர்களுக்குள்ளும் மாற்றி நிறுத்துவது எளிதல்ல. டைட்ஹெட்டின் தலை எதிரணியினர் இருவருக்கு நடுவே சிக்கி, இரு தோளிலும் பாரம் ஏறும். லூஸ்ஹெட்டுக்கு ஒரு பக்கம் காலி.

லாரிக்கு ஸ்டெப்னி மாதிரிதான். கார் டயர் பத்து இருந்தாலும் லாரி நகராது.

உள்ளூரில் ஒருத்திக்கு அடிபட்டால் அடுத்த வாரம் வேறொருத்தியை அழைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரப் பயணத்தில் அது நடக்காது. அதுவும் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்துவிட்டால், அவள் உடனே வெளியேற வேண்டும். மிச்சப் பயணத்துக்கும் அநேகமாக ஆட முடியாது. விமானச் செலவை மிச்சம் பிடிக்க ஒரு ப்ராப்பைக் குறைப்பது, என் கணக்கில், மோசமான சிக்கனம்.

முன்வரிசைக்கு ஆள் தீர்ந்தால் ஆட்டமே ரத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இரு அணியும் தள்ளாமல் ஸ்க்ரமில் நிற்க, பந்தை உள்ளே போடும் அணியே அதை எடுத்துக்கொள்ள, ஆட்டம் தொடரும்.