கேள்வி-பதில்: பழைய பம்ப் பேட்டரிய பாதி விலைக்கு வாங்கலாமா?

இந்த தடவ எல்லாமே எல்விஏடி, அதாவது நெஞ்சுக்குள்ள வைக்கற இதயப் பம்ப் சம்பந்தப்பட்ட கேள்விங்க. தெரியாதவங்களுக்கு: பம்ப் உள்ள இருக்கும், அதுல இருந்து டிரைவ்லைன்னு ஒரு வயர் வயித்துத் தோல் வழியா வெளிய வந்து இடுப்புல இருக்கற கண்ட்ரோலர்ல, அதாவது பம்ப ஓட்டற சின்னப் பெட்டில சேரும், கண்ட்ரோலருக்கு கரண்ட் குடுக்க ரெண்டு பேட்டரி. உள்ள வெச்சத டாக்டர் பாத்துக்குவாரு, வெளிய தொங்கறத நாமதான் பாத்துக்கணும்.

கே: அப்பாவுக்கு ஹார்ட்மேட் 3. அதே பம்ப் வெச்சிருந்த ஒருத்தர் இறந்துட்டாரு, அவங்க வீட்டுல நாலு பேட்டரி பாதி விலைக்குத் தர்றாங்க. சார்ஜ் ஏறுது, பச்ச லைட் நாலும் எரியுது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. நாலு லைட்டும் எரிஞ்சா இப்ப முக்கால்வாசிக்கு மேல சார்ஜ் இருக்குன்னு மட்டும்தான் தெரியும், அந்த சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியாது. நல்ல நிலைல இருக்கற ஒரு ஜோடி ஹார்ட்மேட் 3-ல 17 மணி நேரம் வரைக்கும் ஓடும், ஆனா இந்த 14 வோல்ட் பேட்டரிக்கு ஆயுசு 36 மாசம் இல்லன்னா சுமார் 360 தடவ சார்ஜ், எது முதல்ல வருதோ அது. பேட்டரி மேல தேதி போட்டிருக்கும், பாருங்க. தேதி சரியா இருந்தாலும் அது எத்தன நாள் வெயில்ல நின்ன கார்ல கெடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? விக்கறவங்க ஏமாத்தறாங்கன்னு சொல்லல, பாவம் அவங்க ஏற்கனவே நொந்து போயிருப்பாங்க. அவங்க ஆஸ்பத்திரி எல்விஏடி டீம்கிட்டயே திருப்பிக் குடுக்கட்டும், எது உதவும்னு அவங்க செக் பண்ணி சொல்வாங்க.

கே: கடைக்குப் போற பத்து நிமிஷத்துக்குமா ஸ்பேர் பேட்டரி?

ஆமா. ஜோடியா.

கே: ஆபரேஷனுக்கு முன்னாடி குடுத்த கொட்டேஷன்ல பம்ப் விலை மட்டும்தான் இருந்துச்சு. இப்ப ஸ்பேர் பேட்டரி, இதெல்லாம் மாட்டிக்கற பை, குளிக்கறப்ப போடற கவர் எல்லாம் தனித்தனியா வாங்கணும்ங்கறாங்க. ஏற்கனவே கடன்ல இருக்கோம். நாங்க ஏமாந்துட்டோமா?

அம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுல ஒருத்தர் மூச்சு வாங்கிட்டு படுத்திருக்கறப்ப யாரு உக்காந்து கொட்டேஷன வரிவரியா படிப்பாங்க, அது தெரிஞ்சேதான் இப்படி எழுதறாங்க, இது எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல். பேட்டரி இல்லாம அந்த பம்போட வீட்டு வாசல தாண்ட முடியாது, அப்ப பேட்டரி எப்படி எக்ஸ்ட்ரா சாமான் ஆகும்? பம்ப் பல வருஷம் ஓடணும்னுதான் வைக்கறாங்க, பேட்டரி மூணு வருஷத்துல மாத்தணும், இந்த ரெண்டையும் முதல் நாளே பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினா குடும்பம் கணக்குப் போட்டுக்கும்ல. இப்ப நீங்க செய்ய வேண்டியது: பெட்டில என்னென்ன வந்துச்சு, எத வெளிய வாங்கச் சொன்னாங்கன்னு எழுத்துல கேளுங்க, பேட்டரி, சார்ஜர், கண்ட்ரோலர் ஒவ்வொண்ணுக்கும் வாரண்டி தனியா கேளுங்க, இன்சூரன்ஸ் இருந்தா இதெல்லாம் மருத்துவ உபகரணம்தான், துணைப்பொருள் இல்லன்னு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்புங்க. வாயால சொன்னா மறந்துடுவாங்க. இனிமே ஆபரேஷன் பண்ணப் போறவங்க யாராவது இத படிச்சா, அஞ்சு வருஷத்துக்கு என்ன ஆகும்னு ஒரே தாள்ல கேட்டு வாங்குங்க.

கே: கம்பெனி பை விலை அதிகம். சாதாரண தோள் பை போதாதா?

நான் ஒரு தோள் பை மலிவா வாங்கினேன், பக்கிள் பிஞ்சு கேமரா தரைல விழுந்துச்சு, கடைக்காரன் மாத்தித் தரவும் இல்ல. போனது கேமராதான். உங்க பை விழுந்தா அந்த வெயிட் மொத்தமும் டிரைவ்லைன இழுக்கும், அது தோல விட்டு வெளிய வர்ற எடத்துல புண்ணாகி சீழ் புடிக்கும், அந்த இன்ஃபெக்ஷன் லேசுல போகாது. இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

கே: ஸ்பேர் கண்ட்ரோலர் ஒரு வருஷமா பீரோவுல இருக்கு. தூக்கிட்டு அலையணுமா?

சார், இத எத்தன தடவதான் எழுதறது. ஸ்பேர் எப்பவும் உங்க கூட இருக்கணும், அதுக்குள்ள இருக்கற சின்ன பேட்டரிய ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சார்ஜ் போடணும், செட்டிங்கும் நீங்க மாட்டியிருக்கறது மாதிரியே இருக்கணும். உங்களுது ஒரு வருஷமா தூங்குது. ரெண்டு பேட்டரியும் கழண்டா ஹார்ட்மேட் கண்ட்ரோலர் உள்ள இருக்கற பேட்டரி கால் மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான், ஆனா கண்ட்ரோலரே பழுதானா அதுவும் உதவாது. மாத்தறதும் விளையாட்டு இல்ல. 2014-ல அமெரிக்காவுல ஹார்ட்மேட் 2 பாக்கெட் கண்ட்ரோலருக்கு ரீகால் வந்துச்சு, ஸ்பேர மாத்தப் போய் 4 பேர் இறந்ததா அதுல இருந்துச்சு. டீம் சொல்லாம மாத்தாதீங்க, ஆனா எப்படி மாத்தறதுன்னு நீங்களும் வீட்டுல இன்னொருத்தரும் டீம் முன்னாடி பழகியே ஆகணும். நாளைக்கே அத எடுத்துட்டு ஆஸ்பத்திரி போங்க.

கே: ராத்திரி பேட்டரிலயே தூங்கலாமா? வீட்டுல யூபிஎஸ் இருக்கு, அதுல மாட்டலாமா?

பேட்டரில தூங்காதீங்க, லோ பேட்டரி சத்தம் காதுல விழாம போயிடும். தூங்கறப்ப சுவத்து பிளக்ல மாட்டற பவர் யூனிட்தான், அதுவும் எர்த் இருக்கற பிளக், யாரும் தெரியாம சுவிட்ச அணைக்காத எடம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. யூபிஎஸ் அட்டைல போட்டிருக்கற நேரத்த நம்பாதீங்க, என்கிட்ட ரெண்டு மணி நேரம்னு வித்தது லைட்டும் ஃபேனும் போட்டா அரைமணி கூட நிக்கல. கரண்ட் போனா கைக்கு எட்டற எடத்துல ஃபுல் சார்ஜ்ல ஒரு ஜோடி பேட்டரி, அதுதான் பேக்கப்.

கே: மெட்ரானிக் கம்பெனியோட ஹெச்விஏடி பம்ப் விக்கறத 2021-ல நிறுத்திட்டாங்களே, என்னுத எடுத்துடணுமா?

நல்லா ஓடற பம்ப முன்னெச்சரிக்கைன்னு எடுக்க வேண்டாம்னு கம்பெனியே சொல்லிருக்கு, எடுக்கற ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கு. ஆனா சில பம்ப் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகல, நிறுத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால ரெண்டு பவரும் ஒரே நேரத்துல கழட்டவே கழட்டாதீங்க, ஒண்ண மாட்டி முடிச்சிட்டு அடுத்தது. பேட்டரி, கண்ட்ரோலர் சப்ளை பத்தி டீம்கிட்ட இப்பவே பேசி வைங்க.

கே: வயரே இல்லாத பம்ப் வருதாமே, காத்திருக்கலாமா?

தோல் வழியா கரண்ட் அனுப்பறது புதுசு இல்ல, 2001-லயே அபியோகார் செயற்கை இதயத்துல செஞ்சாங்க. எல்விஏடில அது இப்ப வாங்கற பொருளா இல்ல. டாக்டர் இப்ப வைக்கணும்னு சொன்னா இப்ப வைங்க.