"இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்"

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 34 வயது. கணவர் ராணுவத்தில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். போன வருஷம், 2020 மார்ச்சில் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததிலிருந்து அவருடைய லீவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. கிடைத்தாலும் வந்து இறங்கியதும் 14 நாள் தனிமை, திரும்பிப் போனால் மறுபடி 14 நாள். நடுவில் எங்களுக்கு என்ன மிச்சம்?

என் பிரச்சினை உடம்பும் உற்சாகமும்தான். முன்பெல்லாம் விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் நடப்பேன். இப்போது ஷூவுக்குள் பிள்ளைகளின் பென்சில் சீவல் கிடக்கிறது. எடை ஏறிவிட்டது. முடி கொட்டுகிறது. யூடியூப் பார்த்து யோகா ஆரம்பித்தேன், ஆரம்பித்ததோடு சரி. "நாள் முழுக்க வீட்லதானே இருக்கே, அப்படி என்ன களைப்பு?" என்கிறார் மாமியார். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சின்னவனுக்குப் பாடம், பெரியவளுக்கு ஆன்லைன் வகுப்பு, எல்லாம் நான்தான். காலையிலிருந்து மாலைவரை என் போன் பிள்ளைகளின் வகுப்பில்தான் ஓடுகிறது. சொந்தக்காரர்களோ, "ராணுவக்காரர் மனைவி, தைரியமா இருக்க வேணாமா?" என்கிறார்கள். தைரியமாக இருப்பதற்கும் யாராவது சம்பளம் கொடுத்தால் தேவலை.

கணவரும் கேட்பதில்லை. பேசுவதே வாரத்தில் ஓரிரு தடவை. "பிள்ளைங்க எப்படி, அம்மா எப்படி?" அவ்வளவுதான். நீ எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை வராது. எல்லையில் நிற்பவரிடம் எதற்கு என்று நானும், "இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம், தினமும் நடக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். வீடியோவில் வா என்றால் சிக்னல் இல்லை என்பேன். ஒருநாள் பெரியவள், "அம்மா நைட்ல தூங்குறதே இல்லப்பா" என்று சொல்லப்போக, போனைப் பிடுங்கிவிட்டேன்.

போன மாதம் வரவேண்டியவர், லீவு மறுபடி ரத்து என்றார். பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு என்னவோ 'அப்பாடா' என்று இருந்தது. அதை விடுங்கள். நடைப்பயிற்சியை மறுபடி தொடங்க என்ன வழி, மனதைத் தளரவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி, மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லுங்கள். மாமியார் பேசுவதுதான் தாங்க முடியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

'அதை விடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். மாமியாரைப் பற்றிச் சொல்லியும் தீரவில்லை உங்களுக்கு. 'அப்பாடா'வுக்கு மட்டும் ஒரே வரி.

அந்த நிம்மதியைக் கண்டு, அன்பே வற்றிவிட்டதோ என்று பயந்துபோயிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. போனில் அவருக்கு நீங்கள் ஒரு மனைவியைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தினமும் நடக்கிறவள், நன்றாகத் தூங்குகிறவள், எதற்கும் அசராதவள். அவர் வந்து கதவைத் தட்டினால் திறக்கப்போவது வேறொருத்தி. லீவு ரத்தானதும் அந்த நாள் தள்ளிப்போயிற்று, உங்களுக்கு மூச்சு வந்தது. அகப்படாமல் தப்பித்த நிம்மதி அது.

1970-களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவியரிடம் ஆய்வு செய்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உறவு ஆய்வாளர். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் வாழும் அந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். உங்கள் கணவர் நல்லவேளையாகக் காணாமல்போகவில்லை. ஆனாலும் வீட்டில் இல்லாமலே வீட்டின் நடுவில் இருக்கிற ஒருவரோடு குடும்பம் நடத்தும் சிக்கல் உங்களுக்கும் உண்டு. இப்படிப்பட்ட நிலையில் முரணான இரண்டு உணர்வுகள் ஒன்றாகவே இருக்கலாம் என்பது பாஸ் அழுத்திச் சொன்ன விஷயம். கணவர் வரவேண்டும் என்ற ஏக்கமும் நிஜம், வராததில் வந்த நிம்மதியும் நிஜம். இதில் எது பொய் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி கொஞ்சம் உங்களுக்கு எதிராகப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பதே இல்லை என்கிறீர்கள். கேட்பதற்கு நீங்கள் இடம் வைத்தீர்களா? வகுப்புக்கு நாள் முழுக்க ஓடும் அதே போனில், அவர் முகம் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. அந்த வீட்டிலிருந்து உங்களைப் பற்றி அவருக்குப் போன ஒரே உண்மை மகள் சொன்னது. அதையும் பிடுங்கிவிட்டீர்கள். அம்மாவின் கஷ்டத்தை அப்பாவிடம் சொல்வது தப்பு என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். அவளைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதான், அம்மாதான் பதறிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். இன்றைக்கே.

எல்லையில் நிற்பவரைக் கலங்கடிக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரால் அங்கிருந்து செய்ய முடியாததையெல்லாம் அவர் தலையில் கொட்டுவது வேறு, நிலைமையைச் சொல்வது வேறு. காவலில் நிற்பவர் உள்ளதை மறைத்து 'எல்லாம் சரி' என்று சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? "சரியாத் தூங்க முடியல. நடக்கிறதையும் விட்டுட்டேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், தெரிஞ்சா போதும்." இவ்வளவு சொன்னால் போதும். அப்புறம் அவரையும் கேளுங்கள். பிள்ளைகளையும் அம்மாவையும் மட்டும் விசாரிக்கிறவர், உங்களைக் கேட்டால் என்ன பதில் வருமோ என்று தயங்குகிறவராகவும் இருக்கலாம். அவர் சொல்லும் 'நல்லா இருக்கேன்' மட்டும் எவ்வளவு நிஜமோ!

உடம்பு விஷயம். களைப்பு, எடை, முடி மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். நீங்களாகவே 'உற்சாகம் இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள். தூக்கமும் இல்லாமல், எதிலும் பிடிப்பும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே. நடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வகுப்பு இடைவேளையில் மாடிப்படி ஏறி இறங்கினாலும் கணக்கில் சேரும். பழையபடி ஒரு மணி நேரம் நடந்தால்தான் நடை என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பதால்தான் ஷூவில் பென்சில் சீவல் கிடக்கிறது.

மாமியார் பேசுவது தவறுதான். ஆனால் அவரும் மகனை எல்லைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர். கணவரிடமே நீங்கள் மறைக்கும் களைப்பு அவருக்கு மட்டும் எப்படிப் புரியும்? முதலில் கணவரிடம் பேசுங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சு இதே அளவு சுட்டால் மறுபடி எழுதுங்கள், அவரை எப்படிச் சமாளிப்பது என்று அப்போது பார்ப்போம்.