விடியலில் ட்ரிப், மதியம் சரி: உப்புக்காற்று வீட்டின் மின்வேலைகள் (கேள்வி-பதில்)

கேள்வி (பாம்பன்): விடிகாலையில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் நிற்பதில்லை. பத்து மணிக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. வந்து பார்த்தவர், "இந்தப் பெட்டியே கோளாறு, எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. பெட்டி தன் வேலையைத்தான் செய்கிறது. ஃபேஸில் போகும் கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரன்ட்டும் சமமாக இல்லாவிட்டால் அது வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் இந்த வித்தியாசம் 15-ஐத் தாண்டினாலே விழலாம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும் எம்சிபி மட்டுமே. ஆளைக் கொல்லும் அளவு கரன்ட் எம்சிபியை அசைக்கக்கூட அசைக்காது.

காலையில் மட்டும் விழுவதே துப்பு. ஹோல்டர், ஜங்ஷன் பாக்ஸ், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றின் மேலும் உப்பு படிந்திருக்கும். இரவுப் பனியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கரன்ட் கசியும் பாதையாகிவிடும். வெயில் ஏறினால் காய்ந்து பாதை அறுந்துவிடும். மதியம் வந்து மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதனால் எலக்ட்ரீஷியனை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். இரண்டு தடவை வரவழைப்பதைவிட மிச்சம்.

வந்தவர் முதலில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குவார். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றி, எதை ஏற்றும்போது விழுகிறது என்று பார்ப்பார். பலர் தவறவிடுவது அடுத்த படியை. ஒற்றை முனை எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும். நியூட்ரல் எர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தாலும் ட்ரிப் ஆகலாம். அப்போது மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்க்கில் (எல்லா நியூட்ரலும் வந்து சேரும் பட்டை) இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும். அண்மையில் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் அதன் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு வெளியே எங்காவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் காலை, மாலை பேதமின்றி விழும்.

கடைசியில் மெகர், அதாவது இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மீட்டர். பிளக்குகளை எல்லாம் உருவி, இன்வெர்ட்டரையும் எலக்ட்ரானிக் பொருள்களையும் பிரித்துவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்கு மேல் இருந்தால் அந்த லைன் நன்று. 0.02 மெகாஓம் காட்டினால் 230 வோல்ட்டில் அங்கே சுமார் 11.5 மில்லி ஆம்பியர் கசிகிறது. தனியாக அது ட்ரிப் ஆக்காது. அதேபோல் இன்னொரு லைனும் இருந்தால் 23 ஆகிவிடும். 'எந்தப் பொருளிலும் கோளாறு இல்லை, ஆனாலும் விழுகிறது' என்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைக் கசிவுகளின் கூட்டுத்தொகை.

முதலில் திறக்க வேண்டியவை கேட் லைட், மொட்டைமாடி ஹோல்டர், மோட்டார் ஸ்டார்ட்டர். பச்சைக் களிம்பு பிடித்த முனையைச் சுரண்டி மறுபடி முறுக்குவது ஒரு மாதத்துக்கு வரும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வயரை வெட்ட வேண்டும். நீளம் போதாவிட்டால் வயரையே மாற்றுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இந்தக் காற்றுக்குத் தாங்காது. புது ஜங்ஷன் பாக்ஸ், தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரத்தில், வயர் அடிப்பக்கமாக நுழையும்படி இருக்கட்டும். தென்கடல் பக்கத்து வீட்டுக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும், வடகடல் பக்கத்து வீட்டுக்கு வாடையும்தான் எதிரி. பாக்ஸை அதற்கு மறைவான சுவரில் வையுங்கள்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றுதான் பெட்டியை மாற்ற வேண்டும்.

கேள்வி (கீழக்கரை): புது வீட்டுக்கு வயர், ஸ்விட்ச் வாங்கப் போகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்விட்ச், சாக்கெட்டின் டெர்மினல் ஸ்க்ரூவில் வையுங்கள். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. துருப்பிடித்துப் பிடி தளர்ந்து, சூடேறிக் கருகும். பித்தளை ஒட்டாது. முகப்புத் தகட்டின் அழகுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

வயர் முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். மேலே வயருக்கான தர எண் ஐஎஸ் 694 என்றும், ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்ற உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., பவர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்குத் தனி லைனாக 4. சுவருக்குள் வைக்கும் பெட்டி பிவிசியாக இருக்கட்டும். இரும்புப் பெட்டி உப்புச் சுவருக்குள் அரித்துப் போகும்.

கேள்வி (தொண்டி): எர்த் குழிக்கு உப்பும் கரியும் மூட்டைக் கணக்கில் கேட்கிறார்கள். தேவையா?

பதில்: உப்பு வேண்டாம். காய்ந்த மண்ணில் மின்தடையைக் குறைக்கத்தான் உப்புப் போடுகிறார்கள். உங்கள் மண்ணில் அது ஏற்கெனவே இருக்கிறது. மேலும் கொட்டினால் ஜிஐ பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பூச்சை வேகமாகத் தின்றுவிடும். 250 மைக்ரான் செம்பு ஏறிய 3 மீட்டர் ராடு, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் போதும். முதலில் கெடுவது மேலே வயர் சேரும் கிளாம்ப்தான். ஜிஐ பைப்பில் செம்பு வயரை நேராக முடுக்கினால் அந்த இடத்தில் பைப் அரித்துவிடும். கிளாம்புக்கு மேல் கிரீஸ் தடவி, மூடி போட்ட தொட்டிக்குள் கண்ணில் படும்படி வையுங்கள்.

எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வந்தால் வீட்டுக்கு நல்லது. அளவைச் சித்திரை, வைகாசியில் எடுங்கள். ஐப்பசி மழையில் எல்லாக் குழியும் நன்றாகத்தான் காட்டும்.

கேள்வி (மண்டபம்): ஏசியில் வருஷா வருஷம் கேஸ் போடுகிறோம். இது வழக்கம்தானா?

பதில்: இல்லை. கேஸ் செலவாகும் பொருளல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கடலோரத்தில் பெரும்பாலும் வெளி யூனிட் காயில்தான் அரித்திருக்கும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்தபின் வாக்குவம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), யூனிட்டில் ஒட்டியிருக்கும் அளவுப்படி கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பலாம். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு வெளி காயிலை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்.

கேள்வி (தேவிபட்டினம்): போர்டை மாற்றினேன் என்று பணம் வாங்கினார்கள். பில்லும் இல்லை, பழைய போர்டும் தரவில்லை.

பதில்: பேசிய தொகை, மாற்றிய பாகம், தேதி ஆகியவற்றை இன்றே ஒரு மெசேஜில் எழுதி அனுப்பி, பில் கேளுங்கள். அதுவே உங்கள் ஆதாரம். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை, கழற்றுவதற்கு முன்பே பழைய போர்டின் எண்ணைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.