கல்லீரல் செயலிழப்பில் தொற்று வந்தால்: கேள்வி பதில்

கல்லீரல் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் நான். வந்த கேள்விகளில் தொற்று பற்றியவைதான் அதிகம், அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை நோயாளியை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்). ஓரளவு நன்றாகவே இருந்தார். சாதாரண சிறுநீர்த் தொற்று என்று சேர்த்தோம், நான்கே நாளில் ஐசியூ. இவ்வளவு செய்யுமா டாக்டர்?

செய்யும் அம்மா. குடலிலிருந்து வரும் ரத்தத்தில் இருக்கும் கிருமிகளைப் பிடித்து அழிக்கும் செல்கள் கல்லீரலில்தான் இருக்கின்றன. சிரோசிஸ் முற்றும்போது ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் பக்கவழியில் பாய்கிறது, குடல் சுவரும் கசிகிறது, கிருமியை எதிர்க்கும் புரதங்களின் உற்பத்தியும் குறைகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கிருமியைக் கொல்லத் திராணி இல்லாத அதே உடம்பு அழற்சியை மட்டும் அளவுக்கு மீறிக் கிளப்பிவிடும். ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும், மூளையும் குழம்பும். சிரோசிஸ் உள்ளவருக்குத் தொற்று வந்தால் மரண ஆபத்து சுமார் 4 மடங்கு கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. அதனால் எங்களுக்கு எந்தத் தொற்றும் சின்னத் தொற்று இல்லை.

காய்ச்சலே இல்லையே, எப்படித் தொற்று என்கிறார்கள்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இவர்களுக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களை விழுங்கிவிடுவதால் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க இயல்பாகத் தெரியும். தொற்றைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி கல்லீரலிலேயே உருவாகும் புரதம் என்பதால் கல்லீரல் ஓயும்போது அதுவும் எதிர்பார்த்த அளவு ஏறாது. அப்புறம் எதைப் பார்ப்பது? பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, மஞ்சள் காமாலை திடீரென்று கூடுவது, வயிற்றில் நீர் வேகமாகச் சேர்வது. "நேற்றுப்போல இல்லை" என்று வீட்டில் ஒருவருக்குத் தோன்றினாலே போதும், அன்றைக்கே அழைத்து வாருங்கள். நானாக இருந்தால் காய்ச்சலுக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு ரத்தம் உறைவது குறைவு. வயிற்று நீரை ஊசியால் எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுத்தாக வேண்டும். பெரிய ரத்தக்கசிவு மிக அரிது. நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொண்டு, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் தொடங்குவோம், கூடவே அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் ஏற்றுவோம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தவர்களில் 29 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள், அல்புமினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 10 சதவீதம். சிறுநீரகம் கெடுவதும் 33-லிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. சேர்த்த சில மணி நேரத்துக்குள் இந்தப் பரிசோதனை நடந்துவிட வேண்டும், தள்ளிப்போனால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. பயப்படாமல் சம்மதம் கொடுங்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் அல்புமின் ஏற்றலாமே?

கூடாது. ரத்தத்தில் அல்புமின் அளவை உயர்த்துவதற்காகவே தினமும் ஏற்றிப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2021-இல் வந்தது. பலன் இல்லை, நுரையீரலில் நீர் கோப்பதுதான் கூடியது.

முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுவைத்தால்?

சிலருக்கு மட்டும். ரத்த வாந்தியோடு வந்தவர்களுக்குச் சில நாள் கொடுப்போம், வயிற்று நீரில் ஒருமுறை தொற்று வந்து தேறியவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால் அவர்களுக்கும் கொடுப்பதுண்டு. எல்லோருக்கும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியும் பூஞ்சையும்தான் மிஞ்சும், அவை வந்தால் காப்பாற்றுவது இன்னும் கடினம். நெஞ்செரிச்சல் மாத்திரை தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் கேளுங்கள், அதுவும் தொற்றுக்கு வழிவிடுகிறது.

மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு தொற்று என்று தள்ளிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை ஐயா. புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுப்போம், அடங்காத தொற்று உள்ளே இருக்கும்போது அதைக் கொடுத்தால் கிருமி கட்டுமீறிப் போகும். தொற்று கட்டுக்குள் வந்ததும் பலருக்கு அறுவை நடக்கிறது. ஆனால் அந்த இடைவெளி சிறியது, அதற்குள் வேறு உறுப்புகள் விழுந்துவிடலாம். "எது சரியானால் மறுபடி பரிசீலிப்பீர்கள்?" என்று தினமும் கேளுங்கள், தயங்காதீர்கள்.

அவர் இரண்டு நாளாகத் தூங்கிக்கொண்டே இருந்தார், அசதி என்று விட்டுவிட்டேன். என் தவறா?

இல்லை சகோதரி. இது வெளியே தெரியாமல் வரும் நோய், வார்டில் பழகியவர்களே ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் செய்யும்போது "தூக்கம் கூடினால் உடனே வாருங்கள்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வது எங்கள் வேலை.