வானிலை அறிக்கையில் 38 டிகிரி என்றால் தார்ச்சாலை எவ்வளவு சுடும்?

கருவி இல்லாமல் கணிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். வெறுங்காலுடன் நடக்க வேண்டியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். தமிழ்நாட்டில், மேகமும் காற்றும் இல்லாத உச்சிவேளையில், அன்றைய அதிகபட்ச வெப்பநிலையுடன் 26-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 38 என்றால் 64. 60 டிகிரி வெந்நீர் ஐந்தே நொடியில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த 26 நானாகச் சொல்லும் எண் அன்று. எந்தச் சாலைக்கு எந்தத் தரத் தார் பொருந்தும் என்று முடிவு செய்வதற்காக, 1987 முதல் 1993 வரை அமெரிக்காவில் நடந்த நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டத்தில் உருவான சூத்திரம், காற்றின் வெப்பநிலையையும் ஊரின் அட்சரேகையையும் மட்டுமே கேட்கிறது. கன்னியாகுமரியின் 8 டிகிரியை இட்டாலும் சென்னையின் 13 டிகிரியை இட்டாலும் கூட்ட வேண்டியது ஏறத்தாழ 26 தான். அறிக்கையில் வரும் எண் நிழலில் உள்ள காற்றினுடையது. புதுத்தாரோ தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்வாங்கிக்கொள்கிறது. சாலை பழசாகி வெளுத்திருந்தாலோ காற்று வீசினாலோ சில டிகிரி குறையும். காற்றின் வேகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று இயற்பியல் படித்தவர்கள் கேட்கலாம். பாதத்தைக் காப்பதற்கு உச்ச அளவு தெரிந்தால் போதும் என்பதாலேயே விட்டிருக்கிறேன்.

சாலைப் பணிகளின் தரச் சோதனையில் பதினொரு ஆண்டுகளாக இதே சூத்திரத்தைப் பயன்படுத்தி வரும் நான், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் என் தாயாரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். செருப்பு விடும் இடம் தெருமுனையில் இருந்தது. அங்கிருந்து கோபுர வாசல் வரை இருநூறு அடிக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். எனக்குக் கால் தரிக்கவில்லை, ஓடினேன். அம்மா நிதானமாக நடந்து வந்தார். பழகிய கால் என்று நினைத்துக்கொண்டேன். இருபது ஆண்டுச் சர்க்கரை நோயில் அவருடைய பாதங்கள் மரத்துப்போயிருந்தன என்பது, அன்றிரவு வலது குதிகாலில் எலுமிச்சம்பழ அளவு கொப்புளத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின.

அடுத்த ஞாயிறு, அதே ஒன்றரை மணிக்கு, அகச்சிவப்பு வெப்பமானியுடன் அங்கே போனேன். அன்றைய அறிக்கை 37. தாரில் 61, பக்கத்திலிருந்த வெள்ளைக் கோட்டில் 49, எஞ்சியிருந்த ஒற்றை வேப்பமரத்தின் நிழலில் 39. சாலையை அகலப்படுத்துவதற்காக அந்த வரிசையின் மற்ற மரங்களை வெட்டிவிட்டிருந்தார்கள். கொட்டும்போது தார்க்கலவை எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று நான் பார்த்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. அதன்மேல் நடப்பவர்களின் காலைப் பற்றி ஒரு வரி கூடக் கண்டதில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

கணக்குப் போட நேரமில்லையென்றால் புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், வைத்துப் பார்ப்பது உங்கள் கையாக இருக்கட்டும். அவருடைய காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம். அம்மாவை இப்போது காலை எட்டு மணிக்கு முன்பே அழைத்துப் போகிறேன், தடித்த காலுறையுடன்.